திராட்சைக் கொடியும் ஆராய்ச்சியாளரும்

விஞ்ஞானி என்ற சொல்லைக் கேட்டவுடன் வெள்ளை அங்கியும் கண்ணாடிக் குடுவைகளும் நம் மனக்கண் முன் தோன்றுகின்றன. ஆனால் திராட்சைக் கொடி எவ்வாறு உயிர்வாழ்கிறது, எவ்வாறு காய்க்கிறது என்று ஆராயும் விஞ்ஞானியைத் தோட்டத்தில் போய்ப் பார்த்தால், அவர் கையில் இருப்பவை பெரும்பாலும் கவாத்துக் கத்தரியும் தராசுமே. தோட்டக்காரர் வெட்டி எறியும் குச்சிகளை அவர் பொறுக்கிக் கட்டி எடை போட்டுக் குறித்துக்கொள்வார். அந்த எடையில் என்ன இருக்கிறது? அதை அறிந்து நமக்கு ஆவது என்ன? இப்பாடத்தில் இவ்வினாக்களை எடுத்துக்கொள்வோம்.

நம் அங்கத்தினரில் நெசவாளரும் உண்டு, பயிரிடுவோரும் உண்டு. இருசாராருக்கும் இப்பாடம் பொருந்தும். ஓர் ஆராய்ச்சியாளரின் வாழ்நாள் உழைப்பு யாரைச் சேர்கிறது, அதற்கான செலவை யார் ஏற்கிறார்கள் என்பதே இதன் உட்பொருள்.

கொடியைப் பற்றிய முதல் உண்மை

இவ்வாண்டு நாம் பறிக்கும் திராட்சைக் குலை இவ்வாண்டு உருவானது அன்று. சென்ற பருவத்தில், கொடியின் கணுவில் இலைக்காம்பின் அடியில் இருந்த சிறு மொட்டுக்குள்ளேயே அது கருவுற்றுவிட்டது. மொட்டைப் பிளந்து உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், அடுத்த பருவத்தில் வரப்போகும் தளிரும் அதன் குலைக்கருவும் மிகச் சிறிய உருவில் அங்கே ஒடுங்கிக் கிடப்பதைக் காணலாம். சில மொட்டுக்களில் குலைக்கரு இருக்கும். சிலவற்றில் அது தோன்றாமல் பற்றுக்கம்பியாகப் போயிருக்கும். அத்தகைய மொட்டு தழைக்குமேயன்றிக் காய்க்காது.

குலைக்கரு தோன்றுவதும் தோன்றாமற் போவதும் எதைப் பொறுத்தவை? மொட்டு உருவாகும் வாரங்களில் அதற்கும் அதன் அருகிலுள்ள இலைக்கும் கிடைத்த வெயில், அக்காலத்து வெப்பம், கொடியில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து ஆகியவற்றைப் பொறுத்தவை. ஆகவே கொடிக்கு நாம் செய்யும் நன்மைக்கும் தீமைக்கும் முழுமையான விடை அடுத்த விளைச்சலில்தான் வரும். குளிர்நாடுகளில் அதற்கு ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் அக்கணமே அறிவார். கொடியில் ஓர் இழை அறுந்தால் அடுத்த ஆண்டு குலை குறையும்போதுதான் தெரியும். அதற்குள் என்ன செய்தோம் என்பதே நமக்கு மறந்துபோகும். எழுதி வைத்தவருக்கு மட்டுமே காரணம் விளங்கும்.

ஜெனீவாவும் கான்கார்டும்

இத்தொழிலின் தன்மையை அறிய ஒருவரின் வாழ்க்கையைச் சான்றாகக் கொள்வோம். அவர் பெயர் நெல்சன் ஷாலிஸ். 1913-ஆம் ஆண்டு பிறந்து 2000-ஆம் ஆண்டு மறைந்தவர். 1944 முதல் 1978 வரை அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் ஜெனீவா என்னும் ஊரில் உள்ள விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் திராட்சை ஆராய்ச்சியாளராகப் பணியாற்றினார். ஸ்விட்ஸர்லாந்திலுள்ள புகழ்பெற்ற ஜெனீவா வேறு, இவ்வூர் வேறு. இந்நிலையம் 1880-இல் மாகாணச் சட்டத்தால் நிறுவப்பெற்றது. 1923 முதல் கார்னெல் பல்கலைக் கழகத்தின் ஒரு பகுதியாக இயங்கி வருகிறது. மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் நிலையம் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

அவர் ஆராய்ந்த திராட்சையின் பெயர் கான்கார்டு. கருநீல நிறமும் தனி மணமும் உடையது; பெரும்பாலும் சாறு பிழியப் பயன்படுவது. இதை உண்டாக்கியவர் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் கான்கார்டு என்ற ஊரில் வாழ்ந்த எஃப்ரேம் புல் என்பவர். காட்டுத் திராட்சையின் விதைகளை முளைக்கவைத்து, பல ஆண்டுகள் பொறுக்கி எடுத்து, 1849-இல் இக்கொடியைக் கண்டெடுத்தார். கொடியின் குச்சியை வெட்டி நட்டால் எவரும் எத்தனை கன்றுகளும் உண்டாக்கலாம் அல்லவா? நாற்றுப் பண்ணை முதலாளிகள் அவ்வாறே செய்து செல்வந்தரானார்கள். புல் 1895-இல் வறுமையில் இறந்தார். விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் பிறர் என்ற கருத்து அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

1869-இல் வெல்ச் என்னும் பல் வைத்தியர் கான்கார்டுச் சாற்றைப் புளிக்காமல் சூடாக்கிப் பாதுகாக்கும் முறையைக் கையாண்டார். அவருடைய மகன் அதைப் பெருந்தொழிலாக வளர்த்தார். ஈரி ஏரியின் கரையோரமாக ஆயிரக்கணக்கான குடியானவர்கள் இச்சாற்றாலைகளை நம்பிக் கான்கார்டு பயிரிட்டனர். 1956-ஆம் ஆண்டு, திராட்சை பயிரிடுவோரின் தேசியக் கூட்டுறவுச் சங்கம் அந்த வெல்ச் கம்பெனியையே விலைக்கு வாங்கிவிட்டது. பழத்தை விற்பவர்களே ஆலைக்கும் உடைமையாளர் ஆயினர்.

இந்நிகழ்ச்சிக்கும் நம் விஞ்ஞானிக்கும் தொடர்பு உண்டு. பழம் இனிக்காவிட்டால் சாறு இனிக்காது. ஆலை தமதே ஆனபின், பழுக்காத பழத்தை யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்ற எண்ணத்துக்கு இடமில்லை. மிகுதியாகவும் விளைய வேண்டும், இனிப்பாகவும் விளைய வேண்டும் என்பதே அக்குடியானவர்களின் கேள்வி. ஷாலிஸின் தொழில் வாழ்க்கை இக்கேள்விக்கு விடை தேடுவதிலேயே கழிந்தது.

எடை போட்டுக் கவாத்துச் செய்தல்

கவாத்தில் எத்தனை மொட்டுக்களை விடுவது? நிறைய விட்டால் நிறையக் குலைகள் வரும். ஆனால் அத்தனை குலைகளுக்கும் சர்க்கரை ஊட்ட இலைகளால் இயலாது. பழம் புளிக்கும், குச்சிகள் முதிராமல் மெலியும், அடுத்த ஆண்டும் கெடும். குறைவாக விட்டாலோ, வேர் திரட்டிய சக்தி முழுவதும் தழையில் பாயும். இலை மேல் இலையாக அடர்ந்து நிழல் சூழும், குலை குறையும். இரண்டும் தவறு என்பதை அனுபவமுள்ள தோட்டக்காரர் எவரும் அறிவார். ஆனால் நடுவழி எது என்பதை ஒவ்வொருவரும் கண் மதிப்பாகவே கூறிவந்தனர்.

கொடியின் வலுவை அறிய அது சென்ற ஆண்டு வளர்த்த குச்சிகளின் எடையே நல்ல அளவுகோல் என்று மிச்சிகன் மாகாணத்தில் பார்ட்ரிட்ஜ் என்னும் அறிஞர் 1920-களில் எடுத்துக் காட்டியிருந்தார். ஷாலிஸும் அவருடன் உழைத்தவர்களும் அக்கருத்தைக் கான்கார்டுக்குரிய எளிய கணக்காக ஆக்கினர். வெட்டிய குச்சிகளின் எடை ஒரு ராத்தலானால் 30 மொட்டுக்களை விடுக. அதற்கு மேல் ஒவ்வொரு ராத்தலுக்கும் 10 மொட்டுக்களைக் கூட்டுக. ஒரு ராத்தல் என்பது சுமார் 450 கிராம். ஒரு கொடியின் குச்சிகள் 2 ராத்தல் இருந்தால் 40 மொட்டுக்கள். 3 ராத்தல் இருந்தால் 50. வலுவுள்ள கொடிக்கு மிகுந்த சுமை, மெலிந்த கொடிக்குக் குறைந்த சுமை. இதையே சமநிலைக் கவாத்து என்பர்.

செய்முறையும் எளிது. முதலில் சற்று மிகுதியாக மொட்டுக்களை விட்டுக் கவாத்துச் செய்ய வேண்டும். வெட்டிய ஓராண்டுக் குச்சிகளைக் கட்டித் தொங்கு தராசில் நிறுக்க வேண்டும். பிறகு கணக்குக்கு மேற்பட்ட மொட்டுக்களை நீக்க வேண்டும். சில கொடிகளை இவ்வாறு நிறுத்துப் பழகியவர், பின்னர்ப் பார்வையாலேயே ஏறக்குறைய மதிப்பிடக் கற்றுக்கொள்வார். 30, 10 என்னும் எண்கள் கான்கார்டுக்கும் அந்நாட்டுத் தட்பவெப்பத்துக்கும் உரியவை. அவற்றை அப்படியே வேறு கொடிக்குப் பயன்படுத்தலாகாது. ஆயினும் கொடியின் வலுவை அளந்து அதற்கேற்பச் சுமை வைக்க வேண்டும் என்ற நெறி எங்கும் பொருந்தும்.

நிழலின் தீமை

அடுத்து ஒரு புதிர் எழுந்தது. வளமான மண்ணில் கொடிகள் மிகவும் தழைத்தன. கணக்குப்படி மொட்டுக்களும் விடப்பட்டன. எனினும் எதிர்பார்த்த அளவு குலைகள் இல்லை. குறை எங்கே?

ஷாலிஸ் கொடியின் உட்புறத்தைக் கவனித்தார். கான்கார்டுக் கொடி இயல்பாகவே கீழ்நோக்கித் தொங்குவது. ஒரே கம்பி வரிசையில் ஏற்றப்பட்ட கொடியில் தளிர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கி ஒரு கனத்த திரையாகிவிடுகின்றன. திராட்சை இலை ஒன்று தன்மேல் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கீழே விடுகிறது. மூன்றாம் அடுக்கிலுள்ள இலைக்கு எஞ்சுவது மிகச் சொற்பம். அந்த இருட்டில் உருவாகும் மொட்டுக்களில் குலைக்கரு குறைகிறது. சில மொட்டுக்கள் அடுத்த ஆண்டு விழிப்பதும் இல்லை. உள்ளே மறைந்த குலைகளின் இனிப்பும் குறைகிறது. கொடி மெலிந்து காய்க்காமற் போவது ஒருவகை. கொழுத்துத் தன் நிழலிலேயே தான் மலடாவது மற்றொருவகை.

அவர் கண்ட பரிகாரம் இது. நிலத்திலிருந்து ஏறக்குறைய 6 அடி உயரத்தில், ஒன்றுக்கொன்று 4 அடி இடைவெளியில் இரண்டு கம்பிகளை இழுத்தார். கொடியின் கைகளை இரண்டாகப் பிரித்து இரு கம்பிகளின் மேலும் படரவிட்டார். பூக்கும் பருவத்தை ஒட்டி, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் தளிர்களைக் கையால் பிரித்துக் கீழ்நோக்கித் தொங்கவிட்டார். ஒரு கனத்த திரை இரண்டு மெல்லிய திரைகள் ஆயிற்று. அடுத்த ஆண்டுக்குரிய மொட்டுக்கள் இருக்கும் அடிக்கணுக்கள் மேலே வெயிலில் நின்றன. ஊரின் பெயரால் இது ஜெனீவா இரட்டைத் திரை என வழங்குகிறது. இதன் ஆராய்ச்சி 1966-லும் 1967-லும் விரிவாக வெளியிடப்பட்டது. வலுவுள்ள கொடிகளில் மகசூல் நன்கு உயர்ந்தது; அதனால் இனிப்பு குறையவில்லை. மிகுதியும் இனிப்பும் ஒன்றுக்கொன்று பகை என்று இருந்த எண்ணம் இதனால் மாறிற்று. மெலிந்த கொடிக்கு இம்முறையால் பயனில்லை என்பதையும் சேர்த்தே கற்க வேண்டும்.

இம்முறை இத்தாலியிலும் பரவியது. ஷாலிஸிடம் பயின்ற ஆஸ்திரேலியரான ரிச்சர்டு ஸ்மார்ட், வெயிலும் நிழலும் பழத்தின் தரத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்பதைப் பல நாடுகளுக்கும் எடுத்துச் சென்றார்.

நம் பந்தலுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அங்கே கொடி பனிக்கு அஞ்சி இலை உதிர்த்து உறங்குவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேற்பட்டுக் கவாத்துச் செய்து விளைவிக்கிறார்கள். பருவங்கள் நெருங்கி வரினும் மொட்டின் நியதி ஒன்றே. பந்தலின் மேல் தளிர்கள் அடர்ந்து கிடந்தாலும், மொட்டு உருவாகும் வாரங்களில் வானம் தொடர்ந்து மூடியிருந்தாலும், அடுத்த விளைச்சலில் குலை குறையும்.

சோதனை என்பது எது?

தோட்டக்காரரும் நாள்தோறும் சோதனை செய்கிறார். ஓர் உரத்தை இட்டுப் பார்க்கிறார். விளைந்தால் உரம் நல்லது என்கிறார். அவ்வாண்டு வெயில் நல்லதாக இருந்திருக்கலாம்; அந்த மூலையில் மண் ஆழமாக இருந்திருக்கலாம். இரண்டு சாயங்களில் எது கெட்டி என்று அறிய விரும்பும் நெசவாளர் என்ன செய்வார்? ஒரே சிட்டத்து நூலை இரண்டாகப் பிரித்து இரண்டு தொட்டியிலும் தோய்த்து, ஒரே தண்ணீரில் அலசி, ஒரே வெயிலில் காய வைப்பார். சாயம் ஒன்றைத் தவிர மற்றெல்லாம் சமமாக இருந்தால்தான் தீர்ப்பு நேர்மையானது. ஆராய்ச்சியாளரும் அதையே செய்கிறார். புதுமுறை வரிசையின் பக்கத்தில் பழைய முறை வரிசையை நிறுத்துகிறார். ஓரிடத்தில் மட்டும் அன்றித் தோட்டத்தின் பல இடங்களில், எது எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்து, இரண்டையும் வைக்கிறார். பிறகு எண்ணுகிறார், நிறுக்கிறார், இனிப்பை அளக்கிறார். அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் அதையே செய்கிறார்.

புதிய கொடி நட்டால் காய்ப்புக்கு வர ஏறக்குறைய 3 ஆண்டுகள். அதன்பின் 5 ஆண்டுக் கணக்காவது வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சோதனைக்கு 8 ஆண்டுகள். ஷாலிஸ் ஜெனீவாவில் பணியாற்றியது 34 ஆண்டுகள். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் அத்தகைய சோதனைகள் நான்கே அடங்கும். இத்தொழிலுக்கு ஏன் பொறுமை வேண்டும் என்பதற்கு இக்கணக்கே போதும்.

இயந்திரமும் ஆட்களும்

ஒரு செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஷாலிஸ் கார்னெல் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த பொறியியல் அறிஞர் ஷெப்பர்ட்ஸனுடன் சேர்ந்து, திராட்சையை அறுவடை செய்யும் இயந்திரத்தை உருவாக்குவதிலும் ஈடுபட்டார். இரட்டைத் திரையின் கம்பிகளை மேலும் கீழுமாக அசைத்தால் பழம் உதிரும். கீழே தாங்கிப் பிடித்துக்கொள்ளலாம். 1960-களின் இறுதியில் இத்தகைய இயந்திரங்கள் தோட்டங்களுக்கு வந்தன. சில ஆண்டுகளுக்குள் அம்மாகாணத்துக் கான்கார்டு அறுவடையின் பெரும்பகுதி இயந்திரத்தின் வசமாயிற்று. பறிக்க ஆள் கிடைக்காமல் தவித்த குடியானவர்களுக்கு அது பெரும் உதவி. பறித்துக் கூலி பெற்றவர்களுக்கோ அந்த வேலை போயிற்று.

விசைத்தறி வந்தபோது கைத்தறிக்கு என்ன நேர்ந்தது என்பதை நம் நெசவாள அங்கத்தினருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அறிவை வேண்டாம் என்று தள்ளுவதும் தீர்வன்று. நெசவாளரும் பயிரிடுவோரும் ஒரே சங்கத்தில் உட்கார்ந்து பேசுவதன் பயன், ஒரு புதுமை வரும்போது அதனால் யார் பெறுவார், யார் இழப்பார் என்ற இரண்டு வினாக்களையும் முன்கூட்டியே கேட்க முடிவதுதான்.

இத்தொழிலை விரும்பும் பிள்ளைகளுக்கு

நம் வீட்டுப் பிள்ளைகளில், ஆணாயினும் பெண்ணாயினும், இத்துறையை விரும்புவோர் பள்ளியில் உயிரியலும் வேதியியலும் கணிதமும் நன்கு கற்க வேண்டும். பின்னர்த் தோட்டக்கலையிலோ வேளாண்மையிலோ நான்காண்டுப் பட்டப் படிப்பு. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக் கழகமும், அதனைச் சேர்ந்த பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியும் இதற்கு உள்ளன. அதன்பின் பழப்பயிர் இயலிலோ பயிர் வினையியலிலோ முதுகலையும் முனைவர் பட்டமும் பெற வேண்டும். புள்ளியியலைச் சுமையாக நினைக்கலாகாது. அதுவே இவர்களது தராசின் முள். மத்திய ஆராய்ச்சி நிலையங்களில் சேர, வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வு உண்டு. தேனி மாவட்டத்தில் ஆனைமலையான்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. புனாவில் 1997-இல் தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பெற்றது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாகத் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு முதல் உண்டு. கொடியின் முகம் வாடியிருப்பதை அது முன்பே அறியும். அந்தப் பார்வையை எண்ணாலும் எழுத்தாலும் நிலைநாட்டக் கற்பதே மேற்படிப்பு. கண்டது தவறென்று தராசு சொன்னால் தராசை நம்பும் துணிவும் வேண்டும்.

சங்கம் செய்யத்தக்கது

இனி, நமக்குள்ள கடமைக்கு வருவோம். ஆராய்ச்சி நிலையத்துச் சோதனை நம் மண்ணில் செல்லுமா என்று அறிய, நம் தோட்டங்களிலேயே சோதனை வரிசைகள் வேண்டும். இங்கேதான் இடர்ப்பாடு. புதுமுறை நல்லதென்றால், பழைய முறையில் விடப்பட்ட வரிசை மூன்றாண்டு குறைவாக விளையும். புதுமுறை கெட்டதென்றால் அந்த வரிசையில் நட்டம். எப்படியாயினும் நிலத்துக்குரியவருக்கு ஏதேனும் இழப்பு உண்டு. அதனால் பலரும் முதலாண்டு ஒப்புக்கொண்டு, இரண்டாமாண்டில் எல்லா வரிசைகளையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. கடன் தவணைக்கு மூன்றாண்டு காத்திருக்கத் தெரியாது.

ஒருவர் இழப்பை ஏற்று, அதில் விளைந்த அறிவை அனைவரும் பெறுவது கூட்டுறவு ஆகாது. அது எஃப்ரேம் புல்லுக்கு நேர்ந்த கதையே ஆகும். ஆகவே சோதனை வரிசையால் நேரும் குறைவைச் சங்கமே கணக்கிட்டு, அங்கத்தினர் அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று நாம் கருதுகிறோம். நிலத்துக்குரியவர் மூன்றாண்டும் வரிசையைக் கலைக்காதிருக்க வேண்டும். நட்டமான முடிவையும் நல்ல முடிவைப் போலவே பொதுக்குழுவில் வாசிக்க வேண்டும். இத்துடன் ஒரு தொங்கு தராசும், பழச்சாற்றின் சர்க்கரையை அளக்கும் கையடக்கக் கருவியும், ஒரு குறிப்பேடும் சங்கத்தின் பொதுச் சொத்தாக இருக்கட்டும். கவாத்து நாள், குச்சி எடை, விட்ட மொட்டு, விழித்த மொட்டு, குலைகளின் எண்ணிக்கை, பழத்தின் எடை, இனிப்பு ஆகிய ஏழையும் அதில் எழுதி வரலாம். விஞ்ஞானி ஒருவர் நம் ஊருக்கு வரும்நாளில், மூன்றாண்டுக் குறிப்பை அவர் கையில் கொடுக்கும் சங்கம் அவருடைய உழைப்பில் மூன்றாண்டை மிச்சப்படுத்துகிறது.

படிப்பு வட்டத்தில் பேசுவதற்கு

1. இவ்வாண்டுக் குலை சென்ற பருவத்து மொட்டில் உருவானது என்றால், இப்பருவத்தில் நாம் தவிர்க்க வேண்டியவை யாவை?

2. குச்சி எடை 4 ராத்தல் உள்ள கான்கார்டுக் கொடிக்கு எத்தனை மொட்டுக்கள் விட வேண்டும்? இதே கணக்கை நம் கொடிக்கு அப்படியே கொள்ளலாகாது என்பதற்குக் காரணம் என்ன?

3. வலுவுள்ள கொடிக்கு நன்மை செய்த இரட்டைத் திரை, மெலிந்த கொடிக்கு ஏன் பயன் தரவில்லை?

4. நம் தொழிலில் கடைசியாக வந்த புதுமை எது? அதனால் பெற்றவர் யார், இழந்தவர் யார்?

5. சோதனை வரிசையின் இழப்பைச் சங்கம் ஏற்பதாயின், எவ்வளவு ஏற்கலாம், யார் அளப்பது? அடுத்த பொதுக்குழுவுக்கு ஒரு தீர்மானம் எழுதிக் கொணர்க.